பாத்தியும் வாய்க்காலும்



எங்கள் பாடாலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காயம் பயிரிடுவோர் கிணற்று நீரை வாய்க்கால் வழியே பாத்திக்குப் பாய்ச்சுவர். வாய்க்காலின் நீர்மட்டம் உயர்ந்திருக்கும் வரையில்தான் நீர் பாத்திக்குள் பாயும். பாத்தியில் நீர் தேங்கி இரண்டும் சமமாகிவிட்டால் பாய்ச்சல் நின்றுபோகும். மூளையின் இரத்த ஓட்டமும் ஏறக்குறைய இத்தகையதே. இதனை மருத்துவ உலகம் அறிந்த வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

மூளையினுள்ளும் அதனைச் சுற்றியும் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் தெளிந்த நீர் உண்டு. நாள்தோறும் சுமார் 500 மில்லி லிட்டர் புதிதாகச் சுரந்து, அதே அளவு இரத்தத்தில் சென்று கலக்கின்றது. மண்டையோடோ விரிந்து கொடுக்காத பெட்டி. 1783-இல் அலெக்சாண்டர் மன்றோவும், 1824-இல் ஜார்ஜ் கெல்லியும் இதனை ஆராய்ந்தனர். உள்ளே ஒன்று பெருகினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும் என்ற கொள்கை அவர்களிடமிருந்து வளர்ந்தது.

1891-இல் ஜெர்மானிய மருத்துவர் குவின்கே, இடுப்பருகே முதுகெலும்பினிடையே ஊசி செலுத்தி அந்நீரை எடுக்கவும், அதன் அழுத்தத்தை அளக்கவும் வழிகண்டார். சில ஆண்டுகளில் ஹார்வி குஷிங் விலங்குகளிடம் ஓர் உண்மையைக் கண்டார். மண்டைக்குள் அழுத்தம் ஏற ஏற, உடல் தன் இரத்த அழுத்தத்தையும் ஏற்றிக்கொண்டே போகின்றது. பாத்தி நிரம்புவது கண்டு வாய்க்காலின் மட்டத்தை உயர்த்தும் உழவனின் போராட்டம் போன்றது அது. 1960-இல் சுவீடனின் லுண்ட்பெர்க், நோயாளியின் மண்டையுள் அழுத்தத்தை இடைவிடாது பதிவு செய்த தம் ஆய்வை வெளியிட்டார்.

நம் நாட்டிலும் இத்துறை பின்தங்கவில்லை. கனடாவில் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. இராமமூர்த்தி அப்பணியை மேற்கொண்டார்.

காசநோய்க் கிருமி மூளையுறையைப் பற்றினால் நீர் செல்லும் வழி அடைபடும், நீர் தேங்கும், அழுத்தம் ஏறும். அவ்வாறு துன்புற்ற 114 பேருக்கு, 1975 முதல் 1986 வரை, வேலூர் மருத்துவர்கள் மெல்லிய குழாய் பொருத்தி நீரை வடித்தனர். அவர்களை நான்கு படிகளாகப் பகுத்து நெடுங்காலம் கவனித்து, முடிவை 1991-இல் வெளியிட்டனர். தலைவலியும் வாந்தியும் இருந்தும் நினைவு தெளிந்திருந்த முதற்படியினரில் நூற்றுக்கு 20 பேர் இறந்தனர். நினைவிழந்து கிடந்த நான்காம் படியினரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இக்கணக்கு எனக்கு வெறும் எண்ணன்று. 1988-இல் என் வகுப்பில் ஒரு சிறுவன் பல நாள் தலைவலி என்றான், காலையில் வாந்தி எடுத்தான், பாடவேளையில் உறங்கினான். ஆசிரியப் பயிற்சி பெற்றிருந்த நான் அதனைச் சோம்பல் என்று கருதிப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தேன். நினைவிழந்த பின்னரே அவனைத் திருச்சிக்குக் கொண்டுசென்றனர். அவன் திரும்பவில்லை. நோய் இன்னதென்று அறிந்த அன்று, அவன் முதற்படியில் நின்ற நாள்களை நான் எண்ணிப் பார்த்தேன்.

ஆசிரியத் தோழர்களே, பெற்றோர்களே! தீராத தலைவலியும் காய்ச்சலும் வாந்தியும் மந்தமும் ஒரு பிள்ளையிடம் சேர்ந்து காணின், பிரம்பைத் தேடாதீர்கள்; அன்றைக்கே மருத்துவரைத் தேடுங்கள். பாத்தி நிரம்பும் முன்னரே மடையைத் திறக்க வேண்டும்.