பெருமாள் திருமுன் ஆடும் பாகவதர்கள்

திருக்கோயிற் பணிகள் பலவகைப்படும். கோபுரம் எடுப்போரும், திருமதில் செப்பனிடுவோரும், நந்தவனம் வைப்போரும், அணையா விளக்குக்கு நெய் அளிப்போரும் ஆகிய புண்ணியசீலர்களின் கொடையாலேயே கும்பாபிஷேகம் போன்ற பெருவிழாக்கள் இனிது நிறைவேறுகின்றன. பொருளால் செய்யும் இத்தொண்டுகளோடு, உடலாலும் குரலாலும் செய்யப்படும் தொண்டு ஒன்றும் நம் சோழவளநாட்டில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பகலெல்லாம் வேறு தொழில் புரியும் இல்லறத்தார், ஆண்டுக்கு ஒருமுறை அரிதாரம் பூசி, இரவெல்லாம் இறைவன் திருமுன் ஆடிப் பாடி, அதற்கென ஒரு காசும் பெறாது வீடு திரும்புகின்றனர். தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நிகழும் பாகவத மேளா நாடகமே அது.

இதன் வரலாறு விஜயநகரத்தின் வீழ்ச்சியோடு தொடர்புடையது. 1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின்னர் அப்பேரரசு சிதைந்தது. கலைஞரும் புலவரும் வேதியரும் ஆதரவு தேடித் தெற்கே வந்தனர். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் அவர்களுள் 500-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு வீடும் நிலமும் வழங்கி ஓர் ஊரை மானியமாக்கினார் என்பது வழிவழி வரும் செய்தி. அச்சுதபுரம் என அம்மன்னர் பெயரால் வழங்கிய அவ்வூரே இன்றைய மெலட்டூர். தஞ்சையில் நாயக்கர் ஆட்சி மறைந்து மராட்டியர் ஆட்சி வந்த பின்னும் இசைக்கும் நாட்டியத்துக்கும் தெலுங்கே உரிய மொழியாக நின்றது. ஆதலின், காவிரிக் கரைத் தமிழர் நடுவே தெலுங்கு நாடகம் வேரூன்றியது வியப்பன்று. மொழி முற்றும் விளங்காத உழவரும் அக்காலத்தில் விடியுமளவும் அமர்ந்து கண்டனர் என்றால், அதற்குக் காரணம் கதை அவர்கள் அறிந்த கதையாயிருந்தமையே. பிரகலாதனை அறியாதார் யார்?

இவ்வூரிற் பிறந்த வேங்கடராம சாஸ்திரியார், ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளின் காலத்தை ஒட்டி வாழ்ந்தவர். பிரஹ்லாத சரித்திரம், ஹரிச்சந்திரா, மார்க்கண்டேயா, உஷா பரிணயம், ருக்மாங்கதா முதலிய நாட்டிய நாடகங்களை இயற்றியவர் இவரே. சூலமங்கலம், ஊத்துக்காடு, நல்லூர், சாலியமங்கலம், தேப்பெருமாநல்லூர் ஆகிய ஊர்களிலும் இம்மரபு தழைத்திருந்தது. அவற்றுட் சில ஊர்களில் விளக்கு அணைந்தது. சாலியமங்கலத்தார் போன்றோர் இன்றும் அதனைக் காத்து வருகின்றனர்.

வைசாக மாதத்து வளர்பிறைச் சதுர்த்தசியாகிய நரசிம்ம ஜயந்தியன்று மெலட்டூர் வரதராஜப் பெருமாள் சந்நிதித் தெருவில் பிரஹ்லாத சரித்திரம் நடைபெறும். பெருமாளே முதற் பார்வையாளர். முதலில் கோணங்கி துள்ளி வந்து அவையைச் சிரிக்கவைத்து அமைதிப்படுத்துவான். பின்னர் யானைமுகம் அணிந்த சிறுவன் ஒருவன் கணபதியாக வந்து ஆடுவான். அதன்பின் கட்டியக்காரன் கூற, ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய பிரவேச தருவுக்கு ஆடிக்கொண்டே மேடையேறும்.

பெண் வேடங்களையும் ஆடவரே ஏற்கின்றனர். பிரகலாதனின் அன்னையை இந்நாடகம் லீலாவதி என்று பெயரிடுகின்றது. பெற்ற மகனுக்கு நஞ்சூட்டுமாறு கணவனே கட்டளையிடும் கட்டம் அவளுக்கு வருகின்றது. பதியின் ஆணை ஒருபுறம், மகனின் உயிர் ஒருபுறம். இரணியனின் வீறுநடையினும், தூண் பிளக்கும் ஆரவாரத்தினும், இந்தக் காட்சியே நாடகத்தின் உயிர்நிலை என்பது எம் கருத்து. அலுவலகத்தில் கணக்கெழுதும் ஒருவர், மீசை மழித்துச் சேலை உடுத்து, ஒரு தாயின் தவிப்பைக் கையாலும் கண்ணாலும் காட்டும்போது, எதிரே இருக்கும் தாய்மார் கண்ணீர் வடிக்கின்றனர். இது பயிற்சியால் மட்டும் வருவதன்று. தம் தந்தையார் இதே வேடம் புனைந்ததைச் சிறுவயதில் கண்டு வளர்ந்த கண்ணுக்கே அது எளிதாகும். வேடங்கள் குடும்பவழிச் சொத்தாக இறங்குவதன் பயன் இதுதான்.

நரசிம்ம வேடத்தின் நெறி தனியானது. அம்முகமூடி பூசைக்குரிய திருமேனியாகவே போற்றப்படுவது. அதனை அணிபவர் அன்று உபவாசம் இருத்தல் வேண்டும். தூணினின்று வெளிப்பட்டபின் அவரை ஆவேசம் ஆட்கொள்ளும். இரணியன் மீது பாயாதபடி இருபுறமும் சிலர் இறுகப் பற்றிக்கொள்வர். தெருவில் நிற்போர் அதனை நாடகம் என்று எண்ணுவதில்லை, கைகூப்பித் தொழுகின்றனர்.

இத்துணைச் சிறப்புடைய மரபும் அறுந்துபோகும் நிலையை எய்தியதுண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தளர்ந்திருந்த இதனை மெலட்டூர் நடேச ஐயர் அரும்பாடுபட்டு நிமிர்த்தினார். அவருக்குப் பின் மீண்டும் தளர்ச்சி. அந்நிலையில் துணை நின்றவர் ஈ. கிருஷ்ண ஐயர் (1897–1968). வழக்கறிஞரும் தேசத்தொண்டருமாகிய அவர், சென்னைச் சுகுண விலாச சபையின் நாடகத்தில் பெண் வேடம் புனைவதற்காகவே முதலில் நாட்டியம் கற்கப் புகுந்தார். பின்னர் நடேச ஐயரிடமும் பயின்றார். 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தோற்றுவித்த அச்சபையாரும் ஊதியம் பெறாது நடித்த கனவான்களே. நகரத்தில் அது 'அமெச்சூர்' நாடகம் எனப் பெயர் பெற்றது. சிற்றூரில் அதற்குக் கைங்கரியம் என்று பெயர். இரண்டும் ஒரு மனிதரிடத்துச் சந்தித்தமை நற்பேறே. 1930-களில் மெலட்டூர் அன்பர்கள் நாடகத்தைப் புதுப்பித்தபோது கிருஷ்ண ஐயரின் ஊக்கம் பெரிதும் உதவியது. பின்னர் ஸ்ரீமதி ருக்மிணி தேவியும் சாஸ்திரியாரின் நாடகங்களுட் சிலவற்றைக் கலாக்ஷேத்திரத்தில் அரங்கேற்றினார்.

இன்று பாகவதர் குடும்பங்கள் பல மெலட்டூரில் இல்லை. உத்தியோகத்தின் பொருட்டுச் சென்னை முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். விழாவுக்கெனத் தம் விடுமுறையைச் செலவழித்து ஊர் வருகின்றனர். பந்தலுக்கும் பக்கவாத்தியத்துக்கும் விளக்குக்கும் அன்பர்களின் நன்கொடை வேண்டியிருக்கின்றது. அது வந்தும் விடுகின்றது. ஆனால் ஒரு சிறுவனுக்குத் தருவும் ஜதியும் சொல்லிக்கொடுக்கும் பொழுதை நன்கொடையாகப் பெறுதல் இயலாது. அதனைத் தந்தையே மகனுக்குத் தருதல் வேண்டும். பணிமுடிந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர்கள் அதனைத் தந்துவருகின்றனர்.

கிழக்கு வெளுக்கும் வேளையில் மங்களம் பாடி நாடகம் முடிவுறும். அரிதாரம் கலைத்த முகத்தோடு பிரகலாதனாக நின்ற சிறுவனும், இரணியனாக உறுமிய பெரியவரும் பெருமாள் பிரசாதத்துக்கு ஒரே வரிசையில் நிற்பர்.