ஸ்லோவேனிய மொழிக்கு அரிச்சுவடி தந்தவர்

தொடக்க வகுப்பில் அரிச்சுவடி கற்பிக்கும் நமக்கு, எழுத்து என்பது என்றும் இருந்துவந்த ஒன்றாகவே தோன்றும். இந்த ஒலிக்கு இந்த எழுத்து என்று யாரோ ஒருவர் அமர்ந்து முடிவு செய்ய நேர்ந்ததை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஸ்லோவேனிய மொழியின் அச்சு நூல்களுக்கு அம்முடிவைச் செய்தவர் பிரிமோஷ் துரூபார் என்பவர்.

இவர் 1508ஆம் ஆண்டில் ராஷிட்சா என்னும் சிற்றூரில், மாவரைக்கும் ஆலை நடத்திய ஒருவரின் மகனாகப் பிறந்தார். திரியெஸ்தே நகரத்து ஆயர் போனோமோ இவரை ஆதரித்துக் கற்பித்தார். 1530இல் குருவானார். அந்நாளில் அந்நாட்டை ஆண்டோர் மொழி ஜெர்மன். திருச்சபையின் மொழி இலத்தீன். குடியானவர் பேசிய ஸ்லோவேனியத்தில் கையெழுத்துப் படிகள் சில இருந்தனவேயன்றி, அச்சிட்ட நூல் ஒன்றும் இல்லை.

லூத்தரின் சீர்திருத்தக் கொள்கையைத் தழுவியதால் துரூபார் 1548இல் ஜெர்மனிக்குத் தப்பியோட நேர்ந்தது. அங்கே, தியூபிங்கன் நகரில், 1550இல் ஞானோபதேச நூல் ஒன்றையும் அரிச்சுவடி ஒன்றையும் அச்சேற்றினார். ஞானோபதேச நூலில் தம் பெயரை மறைத்துப் புனைபெயரே இட்டார். எழுத்தோ ஜெர்மானியரின் கோதிக் எழுத்து. ஐந்தே ஆண்டுகளில் அதனைக் கைவிட்டு இலத்தீன் எழுத்துக்கு மாறினார். அண்டையிலிருந்த குரோவாசியரும் படிக்க இது உதவும் அன்றோ! தாம் வகுத்ததைத் தாமே திருத்தும் துணிவு ஆசிரியர்க்கு வேண்டற்பாலது.

எவ்வூர்ப் பேச்சில் எழுதுவது என்பது அடுத்த இடர்ப்பாடு. ராஷிட்சாவில் பேசுவதுபோலவே எழுதியதாக அவர் கூறினார். அறிஞர் சிலர் அது லியுப்லியானா நகரப் பேச்சே என்பர். ஜெர்மன் சொற்கள் மிகுதி என்று பின்னாளில் குறை கூறியோரும் உளர். மக்கள் வாயில் வழங்கிய சொல்லையே அவர் எடுத்தாண்டார். எனக்கு அது குறையாகப் படவில்லை.

1561இல் தாயகம் திரும்பினார். 1564இல் அவர் வெளியிட்ட திருச்சபை ஒழுங்குமுறை நூல், சிறுவர்க்குத் தாய்மொழியில் எழுதப் படிக்கக் கற்பிக்க வேண்டும் என்றது. அந்நூலே அவருக்குப் பகையாயிற்று. 1565இல் மீண்டும் நாடு கடத்தப்பட்டார். புதிய ஏற்பாட்டைப் பகுதி பகுதியாக மொழிபெயர்த்து வந்தவர், 1582இல் அதனை முழு நூலாக வெளியிட்டார். 1586இல் ஜெர்மனியிலேயே, தெரென்டிங்கன் என்னும் ஊரில் காலமானார்.

1600, 1601ஆம் ஆண்டுகளில் லியுப்லியானாவில் சீர்திருத்தவாதிகளின் நூல்கள் தீக்கிரையாயின. எனினும் துரூபாரின் வழிவந்த தல்மாத்தின் 1584இல் வெளியிட்ட முழு விவிலியம் தப்பியது. அதற்கு ஈடாக வேறொன்று இல்லாமையால், எதிர்த்தரப்புக் குருமாரே அனுமதி பெற்று அதனைப் பயன்படுத்தினர். 1784இல் புதியதொரு மொழிபெயர்ப்பு வெளிவரத் தொடங்கும்வரை அவர்கள் கையில் இருந்தது அதுவே.