கோபம் எத்தனை பிரதி விற்றது?

1977 பிரிட்டன் என்றாலே பங்க் இசையைத்தான் காட்டுவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. வேலையில்லாதவர்கள் 10 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். அரசாங்கமே முந்தின வருஷம் ஐ.எம்.எஃப்.பிடம் கடனுக்குப் போய் நின்றது. இந்த லட்சணத்தில் ராணிக்கு வெள்ளிவிழா. செக்ஸ் பிஸ்டல்ஸ் தேசிய கீதத்தின் தலைப்பையே எடுத்து ‘காட் சேவ் த குயின்’ என்று கத்தினார்கள். பிபிசி தடை போட்டது. அப்படியும் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்.

‘சமூகத்தின் கோபம் இசையாக வெடித்தது’ என்று இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. அதே வருஷம் நவம்பரில் பால் மெக்கார்ட்னியின் விங்ஸ் குழு ‘மல் ஆஃப் கின்டையர்’ வெளியிட்டது. ஸ்காட்லாந்துக் கடலோரம், பேக்பைப், தாலாட்டு மாதிரி ஒரு மெட்டு. பிரிட்டனில் 20 லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் சிங்கிள் அதுதான்!

லாக் ஃபைலில் எரர் வரிகளை மட்டும் படித்துவிட்டு சிஸ்டத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்ல முடியாது இல்லையா? கத்தியவர்களின் கோபம் நிஜம். ஆனால் அதே பணவீக்கத்தில், அதே பயத்தில் இருந்த மிச்சப்பேர் காசு கொடுத்து அமைதியை வாங்கினார்கள் என்றே நினைக்கிறேன். அதுவும் மனநிலைதானே? 1978 ஜனவரியில் பிஸ்டல்ஸ் கலைந்தபோது முதலிடத்தில் இருந்தது அந்தத் தாலாட்டுதான்.