வயிற்று ஆசிடையே சமாளிக்கும் பாக்டீரியா: அல்சர் உருவாவது எப்படி?

"காரம் சாப்பிட்டா அல்சர் வரும்", "டென்ஷன் ஆனா அல்சர் வரும்" என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால், பெரும்பாலான அல்சருக்குக் காரணம் இரண்டுதான். ஒன்று, தொடர்ந்து எடுக்கும் வலி மாத்திரைகள். இன்னொன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா.

இதை நிரூபிக்க ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல், 1984-ல் இந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி வந்தது. 2005-ல் அவருக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆசிடில் எப்படித் தப்பிக்கிறது?

இரைப்பையின் உள்சுவரை ஒரு சளிப்படலம் மூடியிருக்கும். ஆசிட் அதிகமாக இருக்கும்போது அது ஜெல்லி மாதிரி கெட்டியாகிவிடும். அதற்குள் பாக்டீரியாவால் நீந்த முடியாது. அதன் வால் இழைகள் சுழன்றாலும் உடல் நகராது.

இங்கேதான் அதன் வளர்சிதை மாற்றம் கைகொடுக்கிறது. நம் உடலில் இயல்பாகவே இருக்கும் யூரியாவை, யூரியேஸ் என்ற நொதியால் அது உடைக்கிறது. அப்போது அம்மோனியா உருவாகி, சுற்றியுள்ள ஆசிடின் வீரியத்தைக் குறைக்கிறது. ஜெல்லி இளகுகிறது, வழி கிடைக்கிறது. ஆசிட் குறைவாக உள்ள சுவர்ப் பக்கமாக நீந்திப் போய் அங்கேயே தங்கிவிடுகிறது. பிறகு அழற்சி, சிலருக்குப் புண்.

யூரியேஸ் இல்லாத கிருமிகளும், நீந்த முடியாத கிருமிகளும் விலங்குகளின் இரைப்பையில் நிலைக்க முடியவில்லை என ஆய்வுகள் காட்டின. நோய் உண்டாக்க இந்த இரண்டும் தேவை.

அதே யூரியா காட்டிக்கொடுக்கும்

மூச்சுப் பரிசோதனையில், அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியாவைக் குடிக்கக் கொடுப்பார்கள். கிருமி இருந்தால் அதை உடைக்கும். அந்தக் கார்பன் மூச்சுக்காற்றில் கார்பன் டை ஆக்சைடாக வெளிவரும். அசிடிட்டி மாத்திரை, ஆன்டிபயாடிக் எடுப்பவர்களுக்கு முடிவு தவறாக 'இல்லை' என வரலாம். அதனால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுவது அவசியம்.

பயப்பட வேண்டுமா?

கிருமி இருக்கும் பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. ஆனால் இது இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமாகலாம் என 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. ஆன்டிபயாடிக்குடன் ஆசிட் குறைக்கும் மருந்தும் சேர்த்துக் கொடுத்தால் குணப்படுத்தலாம். வலி நின்றதும் மாத்திரையை நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும்.

மலம் கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, "கேஸ்தான்" என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.