கேட்டவர்களின் கதை

அமெச்சூர் வானொலியின் வரலாறு பெரும்பாலும் செய்தி அனுப்பியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. கேட்டவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஹெட்ஃபோனையும் அதற்கு முன்னால் நிற்கும் சிறிய பெருக்கிச் சுற்றையும் சுற்றியே அது நிகழ்ந்தது. எவ்வளவு மெல்லிய குறியை மனிதரால் கேட்க இயலும் என்பதே அதன் கேள்வி.

ஆரம்பத்தில் பெருக்கி என்ற ஒன்றே இல்லை. படிக வானொலியில், ஆண்டெனா பிடித்துத் தந்த ஆற்றலே ஹெட்ஃபோனின் தகட்டை அசைத்தாக வேண்டும். 1910 வாக்கில் யூட்டாவின் நத்தேனியல் பால்ட்வின் கையால் செய்த ஹெட்ஃபோன்களை அமெரிக்கக் கடற்படை நாடியதற்கு அவற்றின் நுண்ணுணர்வே காரணம். லீ டி ஃபாரஸ்ட் 1906இல் உருவாக்கிய ஆடியான் வால்வும், 1912இல் மாணவராயிருந்த எட்வின் ஆம்ஸ்ட்ராங் அதைக்கொண்டு எட்டிய பெரும் பெருக்கமும் நிலைமையை மாற்றின. 1921 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் கூடாரமடித்து அமர்ந்த பால் காட்லி, அட்லாண்டிக்கின் மறுகரையிலிருந்து அமெரிக்க அமெச்சூர்கள் அனுப்பிய மோர்ஸ் குறிகளைக் கேட்டார்.

அப்படியானால் வால்வுகளை அடுக்கிக்கொண்டே போய் எதையும் கேட்டுவிடலாமே? இயலாது. வால்வினுள் மின்னோட்டம் ஒரே சீராக வருவதில்லை, தனித்தனி எலெக்ட்ரான்களாக வந்து விழுகிறது. ஓட்டுக்கூரைமேல் மழைபோல அது இரைகிறது. இதை 1918இல் வால்டர் ஷாட்கி விளக்கினார். பெல் ஆய்வகத்தில் ஜே. பி. ஜான்சன் அளந்ததும் ஹாரி நைக்விஸ்ட் கணக்கிட்டதும் 1928இல் வெளியாயின. அவர்கள் கண்டது இன்னும் அடிப்படையானது: மின்னோட்டமே பாயாத வெறும் மின்தடைகூடத் தன் வெப்பத்தால் இரைகிறது. அறை வெப்பத்தில் 10,000 ஓம் மின்தடை ஒன்று, 3 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், சுமார் 0.7 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும். பெருக்கி குறியோடு இதையும் சேர்த்தே பெருக்கும். முதற்படியில் நுழையும் இரைச்சலே ஏறக்குறைய முழு ஏற்பியின் தரத்தையும் தீர்மானிக்கிறது என்பதற்கு 1944இல் ஹெரால்ட் ஃப்ரீஸ் சூத்திரம் தந்தார்.

இந்தப் பாடம் அமெச்சூர்களின் மேசைக்கு வந்தது 1968இல். அவ்வாண்டு க்யூஎஸ்டி இதழில் வெஸ் ஹேவர்டும் டிக் பிங்ஹமும், புறக்கணிக்கப்பட்டிருந்த நேரடி மாற்ற ஏற்பியை மீட்டெடுத்தனர். அதில் வானொலி அலை நேரடியாகக் கேட்கும் ஒலியாக மாற்றப்படுகிறது. ஆகவே ஏறத்தாழ மொத்தப் பெருக்கமும், சுமார் 100 டெசிபெல், அதாவது மின்னழுத்தத்தில் ஒரு லட்சம் மடங்கு, ஒலிப்பகுதியின் தலையில் விழுகிறது. மேசையைத் தட்டினால்கூடக் காதில் ஒலிக்கும். முதல் டிரான்சிஸ்டரின் மின்னோட்டம், அதன் முன்னுள்ள மின்தடையின் அளவு, தேவையற்ற அகலத்தை வெட்டும் வடிகட்டி, மின்வழங்கியின் ரீங்காரம் என ஒவ்வொன்றும் கணக்கில் வந்தது. 1992இல் ரிக் கேம்ப்பெல் அதே இதழில் இவ்வகை ஏற்பியைப் பெரிய ஏற்பிகளோடு ஒப்பிடத்தக்க தரத்துக்கு உயர்த்திக் காட்டினார்.

கட்டிமுடித்தவர்கள் செய்யும் சோதனை எளிமையானது. ஆண்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேட்பார்கள், மீண்டும் செருகுவார்கள். அப்போது இரைச்சல் உயர்ந்தால் பெருக்கி போதுமான அளவு அமைதியானது என்று பொருள். உயர்ந்தது தொலைதூர மின்னல்களின் இரைச்சல், அண்டைவீட்டுச் சாதனங்களின் இரைச்சல், கார்ல் ஜான்ஸ்கி 1933இல் அறிவித்த பால்வீதியின் இரைச்சல். அதற்குமேல் பெருக்கியைச் செப்பனிட்டுப் பயனில்லை. மீதி வேலை காதுக்கும் பொறுமைக்கும் உரியது.