வடமும் பிடியும்

புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மன் தேர் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமையில் புறப்படும்போது, பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே நேரில் வந்து வடம் பிடிப்பது சம்பிரதாயமாக இருந்தது. ஆட்சி மாறிய பிறகு அந்த மரியாதை துணைநிலை ஆளுநரைச் சேர்ந்தது. ஆனால் கவர்னர் தொட்டதனால்தான் தேர் நகர்ந்தது என்று எங்கள் அரியாங்குப்பத்தில் பால்குடிப் பிள்ளைகூடச் சொல்லாது. இந்தத் தேருக்கும் நான் எழுத வந்த சடுகுடுவுக்கும் என்ன சம்பந்தம் என்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்.

ஒரே மூச்சில் பாடிக்கொண்டு எதிரியின் எல்லைக்குள் புகுந்து, தொட்டுவிட்டு, மூச்சு அறுவதற்குள் தன் கோட்டுக்குத் திரும்புகிற இந்த விளையாட்டு, எழுதி வைத்த விதி ஒன்றுமின்றியே தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்தது. ஊருக்கு ஊர் பாட்டு வேறு. ஆள் கணக்கும் வேறு. வடக்கே மூன்று வகைகள் வழங்கின: அவுட்டானவன் கடைசிவரை வெளியிலேயே நிற்பது காமினி, அவுட்டானாலும் களத்தை விட்டுப் போகாமல் புள்ளியை மட்டும் எண்ணிக்கொள்வது அமர், தன் கட்சிக்காரன் எதிரியை வீழ்த்தினால் வெளியே போனவன் உயிர்பெற்று மீள்வது சஞ்சீவனி. இவற்றுள் சஞ்சீவனியே இன்றைய சர்வதேச ஆட்டத்துக்கு அஸ்திவாரமாயிற்று. தற்செயலோ, விவேகமோ, விழுந்தவனை எழுப்பும் பொறுப்பை நிற்பவன் தலையில் சுமத்திய அந்தத் தேர்வுதான் இந்த ஆட்டத்தின் குணத்தையே நிர்ணயித்தது என்பது என் அபிப்பிராயம்.

1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியைச் சேர்ந்த ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் சடுகுடுவை உலகத்தாருக்கு ஆடிக் காட்டினார்கள். 1950இல் அகில இந்தியக் கபடி சம்மேளனம் தோன்றியது. 1952இல் ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி நம் சென்னையில் நடந்தது. நம் சென்னை என்று நான் எழுதுகிறேனேயொழிய, அன்று அரியாங்குப்பத்தில் பறந்தது பிரெஞ்சுக் கொடி. 1954 நவம்பர் முதல் தேதி வரை, நாங்கள் அந்தப் போட்டிக்கு அந்நியர்கள்.

இன்று ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பக்கத்துக்கு ஏழு பேர். பாடி வருபவனுக்கு 30 விநாடி. வருகிறவன் ஒருவன், எதிர்ப்பவர் எழுவர் என்று கேட்டால் சண்டை அநியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த எழுவரும் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாவிட்டால், அநியாயம் அவர்களுக்கே நேர்கிறது. சிறு பிராயத்தில் எங்கள் ஊர் மணல்திடலில் கண்ட ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. கோடியில் நின்றவன் எருதைப் போன்ற தோளுடையவன். தனியொருவனாகவே எவனையும் மடக்குவான் என்று பெயர் வாங்கியிருந்தான். பாடி வந்தவன் காலை நீட்டிய கணமே, பக்கத்தில் நின்றவனின் பிடியை உதறிவிட்டு அவன் கணுக்காலைப் பற்றப் பாய்ந்தான். கால் நழுவியது. சங்கிலி அறுந்த இடத்தில் பிளவு விழுந்தது. தடுக்க ஓடிவந்த இருவரும் தொடப்பட்டார்கள். மூன்று உருப்படிகளோடு வந்தவன் சாவகாசமாகக் கோட்டைத் தாண்டினான். ஆட்டம் முடிந்ததும் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பெரியவர், யார் தோற்றது என்று கேட்கவில்லை. “எவன்டா கையை விட்டது?” என்றுதான் கேட்டார்.

பிற்காலத்தில் புரோ கபடி லீக் வந்து, வீரர்களை ஏலத்தில் எடுக்கும் வழக்கம் பிறந்தபோது, பெரியவரின் கேள்வி கோடிக்கணக்கான ரூபாய்ச் செலவில் மறுபடி பரீட்சிக்கப்பட்டது. 2019இல் தமிழ் தலைவாஸ் அணியில் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் என்று நாடறிந்த பெயர்கள் வரிசையாக இருந்தன; பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடமே கிடைத்தது. 2022இல் அதே அணி பவன் செராவத் ஒருவருக்கே 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டது. பருவம் முழுவதும் அவர் களம் திரும்பவில்லை. தலைவாஸ் ஒழிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். ஆனால் வலது கோடியில் சாகர், இடது கோடியில் சாஹில் குலியா, பாடிப் போக முதல் பருவம் ஆடும் நரேந்தர் என்று அமைந்த அந்த இளைஞர் கூட்டம், அணியின் சரித்திரத்திலேயே முதன்முறையாக அரையிறுதி வரை போய், புனேரி பல்தானிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. திறமை வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை; நரேந்தர் அந்தப் பருவத்தில் 243 புள்ளிகள் எடுத்தவர். அவர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தபோதெல்லாம் மீட்டுக் கொண்டுவந்தவர்களின் கணக்கு மட்டும் யார் நாவிலும் வருவதில்லை.

1990 பெய்ஜிங் முதல் 2014 இஞ்சியோன் வரை ஏழு ஆசிய விளையாட்டுகளிலும் தங்கத்தை விடாத இந்திய ஆடவர் அணி, 2018இல் ஜகார்த்தா அரையிறுதியில் ஈரானிடம் 18-27 என்று வீழ்ந்ததையும் இந்தக் கண்கொண்டே பார்க்கிறேன். புகழ்பெற்ற ரெய்டர்கள் நிறைந்த அணியை 18இல் நிறுத்தியது பிடிதான்.

அரியாங்குப்பத்துப் பக்கம் சடுகுடு பார்க்க நேர்ந்தால், வாசகர்கள் பாடி வருகிறவனைச் சற்றே மறந்துவிட்டு, கோடியில் நிற்பவனும் அவன் பக்கத்தில் நிற்பவனும் கோத்திருக்கும் கைகளை, தேரை நகர்த்தும் வடத்தைப் பார்ப்பதுபோல, ஒரு ஆட்டம் முழுக்கப் பார்த்து வர வேண்டுகிறேன்.