கோ. சாரங்கபாணியின் தொடக்க ஆண்டுகள் (1903–1935): ஒரு மீள்நோக்கு

செங்காங் வட்டாரப் பள்ளியொன்றில் தமிழாசிரியர்களோடு உரையாடும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. தமிழவேள் கோ. சாரங்கபாணியைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, ஏறத்தாழ அனைவருமே 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயா வந்ததிலிருந்தே அவர் வரலாற்றைத் தொடங்கினர். அவ்வருகையின் தாக்கத்தை நாம் மறுக்கவில்லை. எனினும், அதற்கு முந்தைய ஐந்தாண்டுகள் போதிய கவனம் பெறவில்லை என்பதே நம் கருத்து.

சாரங்கபாணி 1903இல் திருவாரூரில் பிறந்தார். அங்குப் பெற்ற பள்ளிக்கல்வி அவருக்குத் தமிழோடு ஆங்கிலப் புலமையையும் அளித்தது. அக்காலத் தஞ்சை மாவட்டத்தில் நிலவுடைமையும் கோயில் மரியாதையும் சாதி அடுக்கினின்று பிரிக்கவியலாதவை. அவர் சிங்கப்பூருக்குக் கப்பலேறிய 1924இல்தான் வைக்கம் போராட்டமும் தொடங்கியது. ஆயினும், இளைஞர் சாரங்கபாணி சீர்திருத்தக் கொள்கையை முழுமையாக வகுத்துக்கொண்டு புறப்பட்டார் எனக் கொள்வது மிகை. ஆயிரக்கணக்கானோரைப் போல அவரும் பிழைப்பைத் தேடியே வந்தார்.

மார்க்கெட் ஸ்திரீட்டில் அவருக்குக் கணக்கர் வேலை கிடைத்தது. செட்டியார்களின் கிட்டங்கிகள் நிறைந்திருந்த தெரு அது. துறைமுகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் உழைத்த தமிழரின் உலகமோ வேறு. கூலி, கடன், கள்ளுக்கடை என்னும் வட்டத்துள் அவர்கள் சுழன்றனர்; ஊரில் விட்டுவந்த சாதியும் கப்பலில் உடன்வந்திருந்தது. வணிகரின் உலகில் பணியாற்றி, உழைப்பாளரின் உலகை அருகிருந்து நோக்கிய இந்நிலையே அவர் உருவாக்கத்தில் முதன்மையானது எனக் கருதுகிறோம். சீர்திருத்தத்தை அவர் வெறும் கோட்பாடாக எழுதாமல், கள், கல்வி, திருமணம், வீண்செலவு என அன்றாட வாழ்வின் மொழியில் எழுதியதற்கு வேறு விளக்கம் காண்பதரிது.

‘முன்னேற்றம்’ இதழ் 1929இல், பெரியாரின் வருகைக்கு முன்னரே தொடங்கிவிட்டது. அதன் ஆசிரியப் பொறுப்பில் சாரங்கபாணி பணியாற்றினார். ஆகவே, பெரியார் வெற்று நிலத்தில் விதைக்க வந்தவரல்லர். உழுதுவைத்த நிலத்துக்கே வந்தார்.

அடுத்து நிகழ்ந்ததை நம் ஆய்வாளர்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டு விடுவதுண்டு. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தது. 1930 முதல் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் திரள்திரளாகத் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். வேண்டும்போது வரவழைக்கவும் வேண்டாதபோது அனுப்பவும் உரிய சரக்காகவே தமிழன் கருதப்பட்டான் என்பது அப்போது வெளிப்படையாயிற்று. தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1932இல் தோன்றியது இச்சூழலில்தான். சாதியொழிப்பை மட்டுமே அதன் நோக்கமாகக் காண்பது குறுகிய பார்வை. ‘நாம் இங்கு யார்?’ என்னும் வினாவும் அதனுள் அடங்கியிருந்தது. 1950களில் சிங்கப்பூர்த் தமிழரைக் குடியுரிமை பெறுமாறு சாரங்கபாணி இடையறாது வற்புறுத்தியதன் வேர் இங்கேயே உள்ளது.

அச்சங்கத்தின் ஏடாக 1935 ஜூலை 6ஆம் நாள் ‘தமிழ் முரசு’ கிழமை இதழாக வெளிவந்தது. அதன் விலை ஒரு காசு. விலையை அறுதியிட்டவர்கள் யாரை வாசகராக எண்ணினர் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லவியலாது. 1937 இறுதியில் அது நாளிதழாயிற்று. சீன மரபினரான பெண்மணியை மணந்து, கலப்பு மணத்தைத் தம் வாழ்விலேயே சாரங்கபாணி நடைமுறைப்படுத்தியதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

இத்துறையினராகிய நமக்கு இதில் தனிப்பட்ட தொடர்பொன்றும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய ஆய்வியல் துறை அமைந்த காலத்தில், சமற்கிருதத்துக்கா தமிழுக்கா முதன்மை என்னும் விவாதம் எழுந்தது. சாரங்கபாணி தமிழின் பக்கம் நின்று ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டினார். துறையின் தமிழ் நூலகத்துக்கான அந்நிதிக்குத் தோட்டத் தொழிலாளரும் தம் கூலியிலிருந்து வெள்ளியும் காசுமாக அளித்தனர். அவர்களுள் பலர் அந்நூல்களைப் படிக்க இயலாதவர்கள்.